பூண்டு எடுத்த பாத்தியை காலியா விடாதீங்க: வீட்டுத் தோட்டத்துல பக்வீட் போடறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, நியூயார்க் பக்கம் பின்வாசல்ல தோட்டம் போடற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஜூலை மாசம் ஒரே கதைதான். கத்தரி, வெண்டை, பாகல் எல்லாம் அப்பதான் சூடு பிடிச்சு கிளம்பும், ஆனா பூண்டு பிடுங்கின பாத்தி, வெந்தயக்கீரை பூத்து முடிஞ்ச பாத்தி, பட்டாணி காஞ்சுபோன பாத்தி இதெல்லாம் மொட்டையா கிடக்கும். அடுத்து அங்க ஏதாவது வைக்கப்போறது ஆகஸ்ட் கடைசிலயோ இல்ல அக்டோபர்ல பூண்டு ஊணும்போதோதான், அதுவரைக்கும் அந்த இடத்தை யாரு எடுத்துக்கும்னு உங்களுக்கே தெரியும். பருப்புக்கீரை, காட்டு முளைக்கீரை, சக்கரவர்த்திக்கீரை வந்தா கூட பரவால்ல, பறிச்சு பருப்பு போட்டு கடைஞ்சிடலாம், ஆனா கூடவே கிராப்கிராஸ்ங்கற களைப்புல்லும் கோரையும் வரும் பாருங்க, அதுங்க வந்தா அடுத்த வருஷம் வரைக்கும் தலைவலி.

இந்த ஒன்றரை மாசம், ரெண்டு மாச இடைவெளிக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு பயிர் இருக்குன்னா அது பக்வீட்தான். வடநாட்டு ஆளுங்க நவராத்திரி விரதத்துக்கு சாப்பிடற குட்டு மாவு இருக்குல்ல, அதே செடி. பேர்ல வீட்னு இருக்கறதால கோதுமை வகைன்னு நினைச்சுக்காதீங்க, இது புல்லே கிடையாது, நம்ம சுக்கான்கீரை குடும்பம். நாம தானியத்துக்காக போடப்போறதில்ல, பூக்க ஆரம்பிச்சதும் வெட்டி மண்ணுக்கே குடுக்கப்போறோம், அதாவது கவர் கிராப், மண்ணை மூடி வெக்கறதுக்குன்னே போடற பயிர்.

அமெரிக்கால இது ஒண்ணும் புது ஃபேஷன் இல்ல. ஜார்ஜ் வாஷிங்டன் தன்னோட மவுன்ட் வெர்னான் பண்ணைல பசுந்தாள் உரமா பக்வீட்டை உழுதுபோட்டு பாத்திருக்காரு. 1918ல இந்த நாட்டுல 10 லட்சம் ஏக்கருக்கு மேல பக்வீட் விளைஞ்சுது, அப்புறம் மூட்டை உரம் மலிவா கிடைக்க ஆரம்பிச்சதும் சோளமும் கோதுமையும் அந்த நிலத்தை பிடிச்சுக்கிச்சு. இப்பவும் நியூயார்க் மாநிலத்துல பென் யான்ங்கற சின்ன ஊர்ல 1797ல ஆரம்பிச்ச மில்லுல பக்வீட் அரைக்கறாங்க.

முதல்ல இது எதுக்கு உதவாதுன்னு தெரிஞ்சுக்கோங்க

யூடியூப்ல பாத்தா பக்வீட் போட்டா உரமே வேண்டாம்ங்கற ரேஞ்சுக்கு பேசறாங்க. அப்படியெல்லாம் இல்ல. இது பயறு வகை கிடையாது, வேர்ல முடிச்சு வராது, காத்துல இருக்கற நைட்ரஜனை பிடிச்சு மண்ணுல சேக்காது. மண்ணுல மிச்சம் இருக்கற நைட்ரஜன் மழைல கீழ இறங்கிப் போகாம கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கும், அவ்வளவுதான். அதனால பக்வீட்டுக்கு அப்புறம் பூண்டோ முட்டைகோஸோ வைக்கறீங்கன்னா அதுக்கு வழக்கமா போடற கம்போஸ்ட், உரம் எல்லாம் போட்டே ஆகணும்.

பாஸ்பரஸ் விஷயம் உண்மைதான். மத்த செடியால எடுக்க முடியாம மண்ணுல பூட்டிக் கிடக்கற பாஸ்பரஸை இதோட வேர் அமிலம் விட்டு கரைச்சு எடுத்துக்கும், செடி மக்கினதும் அது அடுத்த பயிருக்கு கிடைக்கும். ஆனா வருஷா வருஷம் கோழி எருவும் கடை கம்போஸ்டும் கொட்டற வீட்டுத் தோட்டத்துல பாஸ்பரஸ் ஏற்கனவே தேவைக்கு மேலதான் இருக்கும். சந்தேகம்னா ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியோட மண் பரிசோதனை லேபுக்கு ஒரு சாம்பிள் அனுப்பி பாத்துடுங்க. என்னைக் கேட்டா வீட்டுத் தோட்டக்காரங்க பக்வீட் போடறதுக்கு பாஸ்பரஸ் ஒரு காரணமே இல்ல.

இன்னொண்ணு, மத்திய நியூ ஜெர்சில இருக்கற அந்த செங்களிமண்ணை இது உடைச்சு குடுக்கும்னு நம்பாதீங்க. வேர் சன்னமா, நெறைய இருக்கும், ஆனா பெரும்பாலும் மேல இருக்கற ஒரு அடி மண்ணுக்குள்ள மட்டும்தான். மேல்மண்ணை பொலபொலன்னு ஆக்கும், அடில இறுகிக் கிடக்கற மண்ணுக்கு முள்ளங்கி வகை கவர் கிராப் வேற இருக்கு.

அப்புறம் எதுக்குதான் போடறதுன்னா மூணே விஷயம், களையை அமுக்கறது, மேல்மண்ணை பதமா வெக்கறது, தேனீயை கூப்பிடறது. இந்த மூணையும் இவ்வளவு சீக்கிரமா செய்யற வேற செடியை நான் பாத்ததில்ல.

எப்ப போடணும்

பனி பட்டா செத்துரும், அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. வசந்தத்துல கடைசி பனி போன பிறகு, மண் சூடு குறைஞ்சது 55 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டின பிறகு, எங்க பக்கம்னா மே நடுவுல இருந்து, எப்ப வேணா போடலாம். கடைசி தேதி ஆகஸ்ட் 20-25. அதுக்கு மேல போட்டா அக்டோபர் பனிக்குள்ள நல்லா வளர நேரம் பத்தாது.

எனக்கு பிடிச்ச கணக்கு பூண்டுப் பாத்திதான். ஜூலை முதல் வாரம் பூண்டு எடுத்ததும் அன்னிக்கே இல்ல அடுத்த நாள் பக்வீட் விதைச்சிடணும், ஆகஸ்ட் நடுவுல வெட்டிடணும், உடனே ரெண்டாவது தடவை விதைக்கணும், அது செப்டம்பர் கடைசில பூத்து நிக்கும்போது வெட்டிட்டா அக்டோபர் கடைசில பூண்டு ஊணறதுக்குள்ள எல்லாம் மக்கி இருக்கும். ஒரு கோடைல ரெண்டு போகம். ஒரே பாத்தில பூண்டுக்கு அப்புறம் பூண்டே வைக்கக்கூடாதுன்னு சொல்றது சரிதான், நோய் தேங்கும், அதனால பூண்டை வேற பாத்திக்கு மாத்திட்டு இங்க அடுத்த வசந்தத்துல கீரை, கோஸ் ஏதாவது யோசிச்சுக்கோங்க. கால அட்டவணை மட்டும் இதேதான்.

கீரை, பட்டாணி முடிஞ்ச இடம்னா ஜூன் நடுவுல விதைச்சு ஜூலை கடைசில வெட்டி, ஆகஸ்ட் நடுவுல முள்ளங்கி, நூல்கோல் போட்டுக்கலாம். கத்தரி, வெண்டை பாத்தில இதுக்கு இடமே இல்ல, அதுங்க மே மாசத்துல இருந்து பனி வர்ற வரைக்கும் நகராதே.

விதை வாங்கறது

பட்டேல் மாதிரி இந்தியன் கடைல மாவு இருக்கு, சில கடைல முழு குட்டுவும் இருக்கு, அதையே வாங்கி தூவிடலாமேன்னு தோணும். வேண்டாம். சாப்பாட்டுக்கு விக்கறது தோல் உரிச்சது, வெளிர் பச்சையா இருக்கும், தண்ணில ஊறவெச்சா முளை விடலாம் ஆனா மண்ணுல போட்டா பாதிக்கு மேல அழுகிடும். காஷான்னு பழுப்பா வர்றது வறுத்தது, அது சுத்தமா முளைக்காது. நமக்கு வேண்டியது தோலோட இருக்கற விதை, கருப்பும் பழுப்புமா மூணு பக்கமா முனை வெச்சு இருக்கும். கவர் கிராப் விதைன்னே கேட்டு வாங்குங்க, மருந்து தடவாததா பாத்து வாங்குங்க. டார்ட்டரி பக்வீட்னு கசப்பு வகை ஒண்ணு இருக்கு, அது வேண்டாம், அது தானே களையா மாறிடும்.

அளவு 1000 சதுர அடிக்கு 2-ல இருந்து 3 பவுண்டு. நம்ம வீட்டு 4க்கு 8 அடி பாத்திக்கு அது கணக்கு பண்ணா 30-ல இருந்து 45 கிராம் வரும், அதாவது ஒரு கைப்பிடி கொஞ்சம் தாராளமா. களையை அமுக்கணும்னா அந்த தாராளத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, செடிக்கு செடி இடைவெளி விட்டா அந்த இடைவெளில களை வந்து உக்காந்துக்கும்.

விதைக்கற நாள்

பாத்தில ஏற்கனவே நிக்கற களையை முழுசா எடுத்துடணும். பக்வீட் தன்கூட முளைக்கற களையை ஜெயிக்கும், ஏற்கனவே வளந்து நிக்கறதை ஜெயிக்காது. பூண்டு பிடுங்கும்போதே மண் கிளறி விட்டமாதிரி ஆயிடும்ங்கறதால தனியா கொத்தவும் வேண்டியதில்ல, ரேக் வெச்சு ஒரு இழுப்பு போதும். உரம் எதுவும் போடாதீங்க, நைட்ரஜன் ஜாஸ்தியானா தண்டு நீண்டு ஒரு இடி மழைக்கே படுத்துரும்.

விதையை ரெண்டு பங்கா பிரிச்சு ஒரு பங்கை நீளவாக்குல, இன்னொரு பங்கை குறுக்குவாக்குல தூவுங்க, அப்பதான் எல்லா இடத்துலயும் சமமா விழும். அப்புறம் ரேக்கை தலைகீழா பிடிச்சு லேசா இழுத்தா விதை அரை அங்குலத்துல இருந்து ஒரு அங்குலம் ஆழத்துக்கு போயிடும். மேல கிடந்தா குருவியும் புறாவும் பொறுக்கிடும். ஒரு பலகையைப் போட்டு மேல நின்னு மண்ணை அழுத்திவிட்டு பூவாளி மாதிரி தண்ணி விடுங்க. பைப்பை முழுசா தொறந்து விட்டீங்கன்னா விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிடும், களிமண்ணா இருந்தா மேல ஓடு மாதிரி காஞ்சு முளையை வெளிய விடாது. ஜூலை வெயில்ல முதல் நாலஞ்சு நாள் மட்டும் மேல்மண் காயாம பாத்துக்கணும்.

முளைச்ச பிறகு

3-ல இருந்து 5 நாள்ல வெளிய வந்துரும். குனிஞ்சு பாருங்க, இளஞ்சிவப்புத் தண்டு, சிறுநீரக வடிவத்துல அகலமா ரெண்டு விதையிலை, சிலதுல விதையோட கருப்புத் தோல் இன்னும் கழண்டு விழாம தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு நிக்கும். கீழ சின்ன சின்னதா களையும் முளைச்சுதான் இருக்கும், பதட்டப்பட்டு உள்ள இறங்கி களை எடுக்காதீங்க, மிதிச்சு வீணாக்கறதுதான் மிச்சம். ரெண்டு வாரத்துல இதய வடிவ இலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கூரை போட்டுடும், கீழ வெளிச்சமே போகாது, அந்த களைங்க வெளிறிப்போய் நின்னுடும்.

இந்த கட்டத்துல வேலைன்னு ஒண்ணும் இல்ல. மத்தியான வெயில்ல இலை தொங்கும், சாயங்காலம் தானே எழுந்துக்கும், அதுக்கு தண்ணி ஊத்தணும்னு இல்ல. காலைலயே தொங்கிக்கிட்டு இருந்தாதான் தண்ணி. தண்ணி தேங்கற இடத்துல மட்டும் இது வராது, மஞ்சளாகி குட்டையாவே நின்னுடும், அப்படி பாத்தா மழை பெஞ்சா எங்க தண்ணி நிக்குதுன்னு உங்க பாத்தியே காட்டிக் குடுத்துடும்.

மான் தொல்லை இருக்கற ஏரியான்னா வலை கட்டுங்க. மானுக்கு இது ரொம்ப பிடிக்கும். முயலுக்கும்தான்.

பூ வந்ததும்

விதைச்சு 4-5 வாரத்துல, நல்ல சூடுன்னா அதுக்கும் முன்னாடியே, வெள்ளையா பூக்கும். ஒரு பூவை கிள்ளி கிட்ட வெச்சு பாத்தா எட்டு மகரந்தத் தண்டு, நுனி ரோஸ் கலர்ல இருக்கும், அதுக்கு நடுநடுவுல மஞ்சளா எட்டு புள்ளி, அதுதான் தேன் சுரக்கற இடம். ரெண்டு மூணு செடில பறிச்சு பாருங்க, ஒண்ணுல சூல்தண்டு நீளமா மகரந்தத் தண்டு குட்டையா இருக்கும், இன்னொண்ணுல அப்படியே தலைகீழ். ஒரே வகை பூவுக்குள்ள மகரந்தம் போனா காய் பிடிக்காது, நீளத்துக்கும் குட்டைக்கும் நடுவுல பூச்சிதான் தூக்கிட்டுப் போகணும், அதனாலதான் இவ்வளவு தேனை சுரந்து கூப்பிடுது.

காலைல எட்டு ஒன்பது மணிக்கு போய் நின்னா பாத்தியே ரீங்காரம் போடும். தேனீ, பம்பிள்பீ, ஹோவர்ஃபிளைங்கற அந்த சின்ன ஈ (அதோட புழுதான் அசுவினியை தின்னும்), கண்ணுக்கே தெரியாத குட்டி குளவிங்க எல்லாம் இருக்கும். மத்தியானம் ஆச்சுன்னா தேன் நின்னுடும், கூட்டமும் கலைஞ்சிடும். வாசனை மட்டும் எதிர்பாக்காதீங்க, மல்லி மாதிரி இருக்கும்னு நினைச்சு முகந்தா மாட்டுக்கொட்டாய் வாடை அடிக்கும். பக்கத்துலயே பூசணி, வெள்ளரி, பாகல் பந்தல் இருந்தா அதுக்கு ரொம்ப நல்லது, பக்வீட்டுக்கு வர்ற தேனீ பந்தலையும் எட்டிப் பாத்துட்டு போகும்.

வெட்டற நேரம், இதுலதான் எல்லாமே

பூத்துக் குலுங்குது, தேனீ வருது, ஃபோட்டோ நல்லா வருது, இன்னும் ஒரு வாரம் விடலாமேன்னு தோணும். அங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. பக்வீட் ஒரே சமயத்துல பூத்து முடிக்கற செடி இல்ல, மேல பூத்துக்கிட்டே இருக்கும்போது கீழ காய் முத்த ஆரம்பிச்சிடும். மேல பாத்தா வெள்ளைப் பூ, கீழ பாத்தா பழுப்பு விதை. அந்த விதை கொட்டிடுச்சுன்னா அடுத்த போகத்துல உங்க முள்ளங்கிக்கு நடுவுலயும் அடுத்த வருஷ தக்காளிக்கு நடுவுலயும் பக்வீட்தான் களை.

முதல் பூ பாத்த நாள்ல இருந்து 7-10 நாள்ல வெட்டிடுங்க. தேதி மறந்துட்டா கீழ்க்கொத்துல கை விட்டு தடவிப் பாருங்க, பச்சையா மூணு முனையோட சின்ன காய் தட்டுப்பட்டு, அதை நகத்தால அழுத்தினா தண்ணியா இருந்தா இன்னும் ரெண்டு மூணு நாள் இருக்கு, பால் மாதிரி கெட்டியா வந்தா அன்னிக்கே வெட்டணும். தேனீக்காக மனசு கேக்கலன்னா பாதி பாத்தியை முதல்ல வெட்டிட்டு மீதியை நாலு நாள் கழிச்சு வெட்டுங்க. இல்லன்னா வேற ஒரு மூலைல ரெண்டு வாரம் தள்ளி இன்னொரு கை விதையை போட்டு வெச்சா இங்க வெட்டும்போது அங்க பூக்க ஆரம்பிக்கும்.

சாயங்காலமா வெட்டுங்க, தேனீ இருக்காது. தண்டு உள்ள குழலா, தண்ணி கோத்து இருக்கும், அரிவாளோ வேலி வெட்டற கத்திரியோ எது வேணா போதும், சத்தமே இல்லாம விழும். பெரிய இடம்னா லான் மோவர் கூட ஓட்டலாம். தரையோட ஒட்டி வெட்டணும், கீழ இலையோட கணு ஏதாவது விட்டீங்கன்னா அங்கிருந்து மறுபடி துளிர்க்கும். வேரை பிடுங்க வேண்டாம், அது உள்ளயே மக்கட்டும்.

வெட்டினதை என்ன பண்றது

ரெண்டு வழி. அப்படியே மேல மூடாக்கா விட்டுடலாம், இல்ல மண்வெட்டியால மேல் 3-4 அங்குலத்துக்குள்ள லேசா கொத்தி விடலாம். நாத்து நடப்போறீங்கன்னா (கோஸ், காலிஃப்ளவர்) மூடாக்கே போதும், ஒரு வாரம் கழிச்சு விலக்கி குழி போட்டு நட்டுடலாம். நேரடியா சின்ன விதை போடப்போறீங்கன்னா, முள்ளங்கி, கேரட், கீரை மாதிரி, கொத்திவிட்டு ரெண்டு மூணு வாரம் பொறுக்கணும். பச்சைத்தழை மக்கும்போது பக்கத்துல சின்ன விதை முளைக்காம தடுக்கும். இந்த ரெண்டு வாரத்தை திட்டத்துலயே சேத்துக்காம விட்டா முள்ளங்கி முளைக்கலன்னு விதைக் கம்பெனியை திட்டிட்டு இருப்பீங்க.

இதுல ஒரு குறை இருக்கு, சீக்கிரம் மக்கறதால மூடாக்கு ரொம்ப நாள் நிக்காது. 10-15 நாள்ல வத்தி வெறும் குச்சியா ஆயிடும், மண் மறுபடி தெரிய ஆரம்பிக்கும், அமுங்கிக் கிடந்த களைக்கு அதுதான் சிக்னல். அதனால வெட்டினதும் அடுத்து என்னன்னு கைல தயாரா வெச்சுக்கோங்க. ரெண்டாவது பக்வீட், இல்ல வைக்கோல், இல்ல செப்டம்பர் ஆயிடுச்சுன்னா ஓட்ஸ். ஓட்ஸ் டிசம்பர் குளிர்ல தானே செத்து படுத்து பனிக்காலம் முழுக்க மண்ணை மூடிக்கிட்டு இருக்கும்.

களை தாங்க முடியாத இடம்னா

புதுசா புல்தரையை எடுத்து பாத்தி ஆக்கினவங்க, ரெண்டு வருஷம் கவனிக்காம விட்டவங்க, ஒரு கோடையை முழுசா அந்த இடத்துக்கு ஒதுக்குங்க. மே நடுவுல மண்ணை கிளறி தண்ணி விட்டு களையை வேணும்னே முளைக்க விடுங்க, பத்து நாள்ல குட்டியா இருக்கும்போதே மேலாக செதுக்கிடுங்க, அப்புறம் பக்வீட். ஜூலை ஆரம்பத்துல வெட்டி கொத்தி, ஒரு வாரம் விட்டு மறுபடி பக்வீட். ஆகஸ்ட் கடைசில வெட்டி ஓட்ஸ். விதைல இருந்து வர்ற களை கணிசமா குறைஞ்சிடும். கோரை மட்டும் இதுக்கெல்லாம் முழுசா அடங்காது, அதுக்கு கீழ கிழங்கு இருக்கு, நிழல் பிடிக்காதுங்கறதால சோர்ந்துபோகும் அவ்வளவுதான், ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் கோரையை தோண்டி எடுக்கற வேலை உங்களுதுதான்.

நைட்ரஜனும் வேணும்னா காராமணியை கூட சேத்துக்கோங்க. இதுக்கு தனி விதை கம்பெனிக்கு போக வேண்டாம், இந்தியன் கடைல விக்கற முழு காராமணியே நல்லா முளைக்கும். பக்வீட்டை பாதி அளவா குறைச்சுட்டு காராமணியை ஒரு அங்குலம் ஆழத்துல ஊணுங்க, பக்வீட் முதல்ல நிழல் போட்டு களையை பிடிக்கும், அதை வெட்டினதும் காராமணி ஏறி வரும்.

அப்பப்ப கேக்கற சில விஷயங்கள்

இலையை சமைக்கலாமான்னா, இளசா கொஞ்சமா பறிச்சு வதக்கி சாப்பிடலாம். ஆனா பச்சையா ஜூஸ் போடறேன், முளைகட்டி தினமும் சாப்பிடறேன்னு கிளம்பாதீங்க, ஃபாகோபைரின்னு ஒரு பொருள் இருக்கு, அது உடம்புல ஜாஸ்தியானா வெயில் பட்ட தோல் எரிய ஆரம்பிக்கும். கோழி, ஆடு வளக்கறவங்களும் பச்சைத்தழையை மூட்டை மூட்டையா போடாதீங்க, வெளிர் நிற ஆட்டுல இந்த பிரச்சனை கண்ணுக்கே நல்லா தெரியும். வீட்டுல யாருக்காவது பக்வீட் அலர்ஜி இருந்தா விதைப் பையை அவங்க தொட வேண்டாம், சிலருக்கு அந்த அலர்ஜி ரொம்ப கடுமையா இருக்கும்.

விதையை முத்தவிட்டு வீட்டுல மாவு அரைக்கலாமான்னா, அந்த தோலை உரிக்கறதுக்கு ஆகற பாட்டுக்கு கடைல ஒரு பாக்கெட் வாங்கிடலாம்.

ஊர்ல இருக்கற அம்மாவுக்கு, மாமாவுக்கு இதை சொல்லலாமான்னா, மலைப்பகுதி தவிர வேண்டாம், இது குளிர் நாட்டுப் பயிர். சமவெளில அதே வேலையை இன்னும் நல்லா செய்ய தக்கைப்பூண்டு, சணப்பு, தட்டைப்பயறு எல்லாம் இருக்கு, அதுங்க நைட்ரஜனும் சேக்கும்.

மிச்சமான விதையை காத்து புகாத டப்பால போட்டு ஈரம் இல்லாத குளிர்ச்சியான இடத்துல வெச்சா அடுத்த கோடைக்கும் நல்லாவே முளைக்கும். கராஜ்ல பையோட வெச்சீங்கன்னா எலிக்குதான் போகும். அடுத்த மே மாசம் விதைக்கறதுக்கு முன்னாடி பத்து விதையை ஈர பேப்பர் டவல்ல சுத்தி வெச்சு பாருங்க, எட்டுக்கு மேல முளைச்சா வழக்கமான அளவு, அஞ்சு ஆறுதான் வந்துதுன்னா ஒன்றரை மடங்கா தூவிடுங்க.